மாலைதீவில் குடும்பத்தோடு தங்க இடம் பார்ப்பது: சின்னவனையும் அம்மம்மாவையும் வைத்து அளவெடுங்கள்

கிளிநொச்சியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "கனடாவில் இருக்கும் அண்ணா குடும்பம் ஓகஸ்டில் வருகிறது. எல்லோருமாக நாலு இரவு மாலைதீவில் தங்கிவிட்டு வரலாம் என்று அண்ணா நிற்கிறார். எங்களுக்கு எட்டு வயதில் மகள், மூன்று வயதில் மகன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு; முழங்கால் வருத்தம், பிறஷர், சீனி எல்லாம் உண்டு. அண்ணாவின் பிள்ளைகளுக்குப் பதின்மூன்றும் பத்தும். தண்ணீருக்கு மேலே கட்டிய வில்லாப் படம் ஒன்றை அண்ணா அனுப்பியிருக்கிறார். எனக்கு எல்லா ரிசோர்ட்டும் ஒரே நீலமாகத்தான் தெரிகிறது. எதைப் பார்த்து இடம் எடுப்பது?"

தங்கச்சி, நான் மாலைதீவில் ஒன்பது வருடம் இரண்டு ரிசோர்ட்டுகளில் வேலை செய்தவன். முதலில் வரவேற்பில் நின்றேன், பிறகு யாருக்கு எந்த அறை என்று ஒதுக்கும் வேலை. இப்போது வவுனியாவில் இருக்கிறேன். இங்கிருந்து போகிற குடும்பங்கள் கேட்டால் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். வீட்டில் ஆகச் சின்னவரையும் ஆக மூத்தவரையும் வைத்து இடம் பாருங்கள். உங்கள் மகனுக்கும் அம்மாவுக்கும் ஒரு நாள் அங்கே எப்படிப் போகும் என்று காலையில் இருந்து இரவு வரை யோசித்துப் பாருங்கள். அவர்கள் இருவருக்கும் சரிவருகிற இடத்தில் மற்ற ஏழு பேரும் தாமாகவே சந்தோஷமாக இருப்பார்கள்.

அறையைப் பார்க்க முதல் பயணத்தைப் பாருங்கள். மாலைதீவில் ஒரு ரிசோர்ட் என்றால் ஒரு தீவு முழுவதும் அதுதான். விமானம் இறங்குவது ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் உள்ள வெலானா விமான நிலையத்தில். அங்கிருந்து நீங்கள் எடுத்த தீவுக்குப் போக வேகப்படகு, கடல் விமானம், அல்லது உள்நாட்டு விமானத்தில் போய் இறங்கிப் பிறகு ஒரு படகு என்று மூன்று வழி உண்டு. கொழும்பில் இருந்து தலைநகர் மாலே ஒன்றரை மணித்தியாலம்தானே என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் உங்கள் மகனுக்குப் பயணம் தொடங்குவது கிளிநொச்சியில் வான் வண்டியில் ஏறும்போது. கட்டுநாயக்காவுக்கு ஏழு மணித்தியாலம், அங்கே மூன்று மணித்தியாலக் காத்திருப்பு, பிறகுதான் அந்த ஒன்றரை மணித்தியாலம். அதற்கு மேல் எவ்வளவு தாங்குவான் என்பதுதான் கேள்வி. முடிந்தால் முதல் நாளே போய் நீர்கொழும்பில் ஒரு இரவு படுத்து எழும்பி, காலை விமானத்தில் ஏறுங்கள்.

கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். பின்னேரம் மூன்றரை, நான்கு மணிக்குப் பிறகு மாலேயில் இறங்கினால் அன்றைக்கு உங்கள் தீவுக்குப் போக முடியாமல் போகலாம். விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் ஒரு இரவுக்குக் காசு கட்டிப் படுக்க வேண்டும்; ரிசோர்ட்டில் கட்டிய இரவும் வீணாகும். நேரத்துக்கு இறங்கினாலும், மற்றத் தீவுகளுக்குப் போகிறவர்களும் சேரும்வரை ஒன்றிரண்டு மணித்தியாலம் இருக்க வேண்டி வரலாம். பதினைந்து பேர் மட்டில் ஏறுகிற சின்ன விமானம், காது அடைக்கிற இரைச்சல், உள்ளே கழிப்பறை இல்லை. பெட்டி ஆளுக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பதுதான் வழக்கமான அளவு. மேலே இருந்து பார்க்கிற காட்சி மிக அழகானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சில தீவுகளில் விமானம் நடுக் களப்பில் ஒரு மிதக்கும் மேடையில் நிற்கும். அங்கிருந்து ஆடுகிற படகுக்குக் கால் எடுத்து வைக்க வேண்டும். முழங்கால் வருத்தக்காரருக்கு அந்த ஒரு அடிதான் பெரிய பாடு. போய்வரும் கட்டணமும் பெரியவர் ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு டொலர் என்று போகும்.

அதனால் உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது, விமான நிலையத்தில் இருந்து வேகப்படகில் நாற்பது நிமிடத்துக்குள் போகிற தீவு. வட மாலே, தென் மாலே பவளத்தீவுக் கூட்டங்களில் அப்படி நிறைய உண்டு. 1972இல் மாலைதீவின் முதல் ரிசோர்ட்டாகத் திறந்த குரும்பாகூட அப்படித்தான், படகில் ஏறிப் பத்து நிமிடத்தில் இறங்கிவிடலாம். (திவெஹி மொழியில் குரும்பா என்றால் இளநீர்த் தேங்காய். எங்கள் குரும்பட்டி நினைவுக்கு வரும்.) கிட்ட உள்ள தீவில் விமானங்கள் போய்வருவது தெரியும், சில நேரம் சத்தமும் கேட்கும். தேனிலவுக்குப் போகிறவர்களுக்கு அது குறை. மூன்று வயதுப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு நெஞ்சுக்குள் ஏதும் செய்தால் மாலேயில் உள்ள இந்திரா காந்தி ஞாபகார்த்த மருத்துவமனைக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம் என்பதையும் இதே தூரம்தான் தீர்மானிக்கிறது. வேகப்படகு இரவிலும் ஓடும், அது இன்னொரு நிம்மதி.

இனித் தண்ணீர். இதைத்தான் நான் நீட்டிச் சொல்லப் போகிறேன். ஏனென்றால் இதில் நானே பிழை விட்டேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம் என் அக்கா குடும்பத்தைக் கூப்பிட்டேன். நான் வேலை செய்த இடத்தில் அறை இல்லாததால் வேறொரு ரிசோர்ட்டில், படம் பார்த்துப் பிடித்துப்போய், அறை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளை மணல், அறை வாசலில் கடல், தென்னை மரத்தில் ஊஞ்சல். எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தது. ஆனால் கரையில் இருந்து பத்துப் பதினைந்து அடி வைத்தால் கடல் கறுத்தது. முருகைக்கல் திட்டு அங்கேயே முடிந்து, அடி தெரியாத ஆழம் தொடங்கியது. சுழியோடுகிறவர்களுக்கு அது சொர்க்கம். வாசலிலேயே ஆமையும் மீனும். அக்காவின் பிள்ளைகள் நாலு நாளும் நீச்சல் தடாகத்தில்தான் நின்றார்கள். அக்கா ஒரு நிமிடம்கூடக் கண்ணை எடுக்காமல் கரையில் இருந்தா. அவவுக்கு அது விடுமுறையாகவே இருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் யாருக்கும் படத்தைப் பார்த்து அறை ஒதுக்கியதில்லை.

மாலைதீவுத் தீவுகளில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, முருகைக்கல் திட்டின் விளிம்பு கரைக்குக் கிட்ட இருப்பது. மற்றது, கரைக்கும் விளிம்புக்கும் இடையில் நூறு, இருநூறு மீற்றருக்கு இடுப்பளவு தண்ணீரோடு களப்பு விரிந்து கிடப்பது. சின்னப் பிள்ளைக்கு இரண்டாவதுதான் வேண்டும். இதை வீட்டில் இருந்தே பார்க்கலாம். கூகுள் வரைபடத்தில் அந்தத் தீவைத் தேடி, செய்மதிப் படத்துக்கு மாற்றுங்கள். கரையைச் சுற்றி வெளிர் பச்சை நீலம் அகலமாகத் தெரிந்தால் ஆழமில்லாத களப்பு. கடும் நீலம் கரையை ஒட்டி வந்தால் ஆழம் கிட்ட இருக்கிறது. வெளிர் நிறத்துக்குள் கறுப்புத் திட்டுகளாகத் தெரிவது கடற்புல்லாகவோ கல்லாகவோ இருக்கும். ஒரே தீவில் ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் ஆழமும் இருப்பதும் உண்டு. ஆகவே ரிசோர்ட்டின் தீவு வரைபடத்தையும் எடுத்து, உங்களுக்குத் தருகிற அறை இலக்கங்கள் எந்தப் பக்கம் வருகின்றன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை, நாலு நாளைக் காப்பாற்றும்.

அடுத்தது காற்று. இது வன்னி ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விஷயம். வாடைக் காலத்தில் முல்லைத்தீவுக் கடல் சீறும், சோளகத்தில் அடங்கிக் கிடக்கும். மன்னாரின் மேற்குக் கரைக்கு அது மறுதலை. மாலைதீவிலும் இதே இரண்டு காற்றுத்தான். சோளகத்தை அவர்கள் ஹுல்ஹங்கு என்பார்கள், வாடையை இருவை என்பார்கள். மே நடுவில் இருந்து நவம்பர் வரை காற்று மேற்கு, தென்மேற்கில் இருந்து வரும். நீங்கள் போவது ஓகஸ்டில். அந்த மாதம் தீவின் மேற்குக் கரையில் அலை அடிக்கும், மணல் அரித்துப் போயிருக்கும், கடற்பாசி ஒதுங்கும். கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். ஆனால் பயண முகவர்கள் ஆசை காட்டி விற்பது சூரியன் மறைவதைப் பார்க்கும் மேற்குப் பக்க வில்லாவைத்தான், அதற்கு விலையும் கூட. ஓகஸ்டில் நீங்கள் கூடக் காசு கொடுத்து அலைப் பக்கத்தை வாங்குவீர்கள். சூரியன் உதிக்கும் பக்கத்து அறையைக் கேளுங்கள். சின்னவன் எப்படியும் விடிய ஆறு மணிக்கு எழும்புவான், உதயத்தை அவனோடு பார்க்கலாம். சூரிய அஸ்தமனத்தை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஓகஸ்டில் மழை வரும், ஆனால் நாள் முழுக்கக் கொட்டுவது குறைவு. வந்து, அடித்து, போய்விடும். விலையும் டிசம்பர், ஜனவரியை விடக் குறைவாக இருக்கும். எந்த மாதமும் போகலாம் என்று இருந்தால் நான் ஏப்ரலைச் சொல்லியிருப்பேன். கடல் கண்ணாடி போல இருக்கும், எங்கள் பள்ளிக்கூட விடுமுறையும் வரும். கனடாப் பிள்ளைகளின் விடுமுறை ஓகஸ்டில்தான் என்றால் ஓகஸ்ட்தான், அதற்கு ஏற்றபடி கரையைப் பார்த்து எடுத்தால் போதும்.

உங்கள் மகள் இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ குளித்துப் பழகியிருப்பாள். குளத்தில் நீந்துகிற பிள்ளை என்று கடலில் தனியே விட வேண்டாம். குளத்துத் தண்ணீர் நிற்கும், கடல் தண்ணீர் இழுக்கும். படகு வந்துபோவதற்காகத் திட்டில் வெட்டிய வாய்க்கால் பல தீவுகளில் இருக்கும். இறங்குதுறைக்குக் கிட்ட உள்ள அந்த இடத்தில்தான் நீரோட்டம் கூட. பல ரிசோர்ட்டுகளில் கரையில் உயிர்காப்பாளர் நிற்பதில்லை. மூன்று வயதுக்கு அளவான மிதவை அங்கி எல்லா இடத்திலும் கிடைக்காது, கொழும்பில் வாங்கிக்கொண்டு போங்கள். கல் வெட்டாமல் இருக்க எல்லோருக்கும் றப்பர் சப்பாத்து, வெயிலுக்கு நீளக் கைச் சட்டை. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் அந்த வெயில் பொல்லாதது.

சரி, அண்ணா அனுப்பிய படத்துக்கு வருவோம். தண்ணீருக்கு மேலே உள்ள வில்லா அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் வெளித்தளத்துக்குப் பெரும்பாலும் கைபிடி வேலி இருக்காது. படி நேரே கடலுக்குள் இறங்கும். கதவைத் திறந்து ஒரு பிள்ளை வெளியே ஓடினால் அடுத்த அடி தண்ணீர்தான். அதனால் பல ரிசோர்ட்டுகள் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அங்கே விடுவதில்லை. விடுகிற இடங்களிலும், ஏதும் நடந்தால் பொறுப்பு பெற்றோருடையதுதான் என்று அவர்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்து வாங்கும் தாளை நான் எத்தனையோ பேருக்கு நீட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனம் ஒரு மாதிரித்தான் இருக்கும். அதோடு சாப்பாட்டு மண்டபத்துக்கு மரப்பாலத்தில் நீண்ட தூரம் நடக்க வேண்டும், வெயிலுக்கு மறைவு இருக்காது. அம்மாவால் ஒரு நாளைக்கு மூன்று தடவை அது முடியாது. அண்ணாவுக்கு ஆசை என்றால் ஒன்று செய்யலாம். மூன்று இரவு எல்லோரும் கரையில் தங்கி, கடைசி ஓர் இரவு அண்ணாவும் அண்ணியும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் மட்டும் தண்ணீர் வில்லாவுக்கு மாறலாம். பத்து வயதுப் பிள்ளை அந்த இரவு உங்களோடு படுக்கட்டும். முன்கூட்டியே கேட்டால் பல இடங்களில் இப்படிப் பிரித்துத் தருவார்கள்.

கரை வில்லாவில் பார்க்க வேண்டியது ஆள் கணக்கு. வழக்கமான வில்லாவுக்கு இரண்டு பெரியவரும் இரண்டு பிள்ளைகளும்தான் அளவு. அம்மா மூன்றாவது பெரியவராக வந்தால் அந்த அறையைத் தர மாட்டார்கள், அல்லது இன்னொரு கட்டில் போட்டு நடக்க இடமில்லாமல் ஆக்குவார்கள். உங்களுக்குச் சரிவருவது இரண்டு படுக்கையறை உள்ள குடும்ப வில்லா, அல்லது உள்ளே கதவால் இணைந்த இரண்டு அறைகள். இங்கே ஒரு சொல்லில் கவனம் வேண்டும். பக்கத்துப் பக்கத்து அறை தருகிறோம் என்பதும் உள்ளே கதவு இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் வெளியே இறங்கி மணலில் நடந்துபோய்க் கதவு தட்டுவதா, உள்ளாலே போவதா என்பதுதான் வித்தியாசம். உட்கதவு இருப்பதாக மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் குளியலறை. மாலைதீவின் கரை வில்லாக்களில் கூரை இல்லாத குளியலறை நிறைய. படத்தில் மிக நன்றாக இருக்கும். மழை நாளில் தரை வழுக்கும், இரவில் சின்னப் பிள்ளை தனியே போகப் பயப்படும், நுளம்பும் வரும். அம்மாவின் அறைக்காவது கூரை உள்ள, படி இல்லாத, பிடித்து எழும்பக்கூடிய குளியலறையாகக் கேளுங்கள். வில்லாவுக்குள்ளேயே சின்ன நீச்சல் தடாகம் உள்ள அறையைச் சலுகையாகத் தருகிறோம் என்றால், மூன்று வயதுப் பிள்ளையோடு நான் வேண்டாம் என்பேன். அதற்கும் வேலி இருக்காது.

பிள்ளைகள் கழகம் என்று ஓரிடம் எல்லா விளம்பரத்திலும் வரும். பெரும்பாலும் மூன்று அல்லது நாலு வயதில் இருந்து பன்னிரண்டு வரை எடுப்பார்கள். உங்கள் மகன் எல்லைக்கோட்டில் நிற்கிறான். வயதை மாதக் கணக்கோடு எழுதிக் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாத பிள்ளை முதல் நாள் அழும். பத்து வயது மைத்துனப் பிள்ளை கூட இருந்தால் அடங்கிவிடும். இதை வைத்து மட்டும் ரிசோர்ட்டைத் தெரிவு செய்ய வேண்டாம். நாலு நாளுக்கு மணலும் தண்ணீரும் போதும்.

சாப்பாட்டில் பலர் ஏமாறுவது இப்படித்தான். காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த விலை மலிவாகத் தெரியும், அதை எடுத்துவிடுவார்கள். தீவில் வேறு கடை கிடையாது. மத்தியானமும் இரவும் ஒன்பது பேருக்குத் தனித்தனியே டொலரில் கட்டும்போதுதான் விளங்கும். மூன்று வேளையும் சேர்ந்ததாக எடுங்கள். எல்லாம் உள்ளடங்கியது என்று அதற்கும் மேலே ஒரு விலை சொல்வார்கள். அதில் கூடுகிற காசில் பெரும்பகுதி மதுவுக்குத்தான். உங்கள் வீட்டில் குடிக்கிறவர் இல்லையென்றால் அது தேவையில்லை. குடிதண்ணீர் சேர்ந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா என்ன சாப்பிடுவார் என்று யோசிப்பீர்கள். விருந்து மேசை வைத்துப் பரிமாறும் ரிசோர்ட் என்றால் சோறும் பருப்பும் மீன் குழம்பும் அநேகமாக இருக்கும். சமையலறையில் எங்கள் நாட்டு ஆட்களும் இந்தியர்களும் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். மாலைதீவுச் சாப்பாடும் எங்களுக்கு அந்நியமில்லை. நாங்கள் சம்பலுக்குப் போடும் மாசி அங்கிருந்து வந்ததுதான். காலையில் மஸ் ஹுனி என்று ஒன்று தருவார்கள். சூரை மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பிசைந்தது. ரொஷி என்கிற மெல்லிய ரொட்டியோடு சாப்பிடுவது. அம்மாவுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், தனியே செய்து தருவார்கள். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்குத்தான் தொடங்கும். சின்னவன் அதற்குள் தூங்கிவிடுவான். அவனுக்கு ஆறு மணிக்கு ஏதாவது தர முடியுமா என்று கேளுங்கள். பால்மாவும் சத்துமாவும் வீட்டில் இருந்து கொண்டுபோங்கள்.

விலையைப் பார்க்கும்போது பக்கத்தில் இரண்டு சக அடையாளம் போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் அதற்கு மேலே வரும் என்று அர்த்தம். சேவைக் கட்டணம் 10 வீதம். அதையும் சேர்த்த தொகையில் சுற்றுலாப் பொருள் சேவை வரி. 2025 யூலையில் இருந்து அது 17 வீதம். அறை 300 டொலர் என்று கண்டால் நீங்கள் கட்டப்போவது 386 டொலர். அதற்கும் வெளியே பசுமை வரி என்று ஒன்று உண்டு. 2025 ஜனவரியில் இருந்து ரிசோர்ட்டில் ஆளுக்கு ஒரு நாளுக்கு 12 டொலர். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத்தான் விலக்கு, உங்கள் மகனுக்கும் கட்ட வேண்டும். ஒன்பது பேருக்கு நாலு இரவுக்கு இது மட்டும் 432 டொலர். இன்னொன்று, பல இடங்களில் பன்னிரண்டு வயதோடு பிள்ளைக் கணக்கு முடியும். அப்படியானால் அண்ணாவின் மூத்த பிள்ளைக்குப் படகுக்கும் சாப்பாட்டுக்கும் பெரியவர் கட்டணம். பதினாறு வயது வரை பிள்ளையாக எடுக்கும் ரிசோர்ட்டுகளும் இருப்பதால் இதை முதலே கேட்பது நல்லது. எனவே ரிசோர்ட்டுக்கு எழுதும்போது ஒவ்வொருவர் வயதையும் போட்டு, படகும் சாப்பாடும் எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். அந்தத் தொகையை வைத்துத்தான் ஒரு இடத்தை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும்.

அந்த மொத்தம் கைக்கு மீறினால் மனம் விட வேண்டாம். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் உண்டு. 2009, 2010 காலத்துக்கு முதல் அதற்கு அனுமதி இல்லை, இப்போது மாஃபுஷி, திஃபுஷி, துலுஸ்தூ என்று பல தீவுகளில் இருக்கின்றன. ஐம்பது அறைக்கு உட்பட்ட விடுதி என்றால் பசுமை வரியும் பாதி, 6 டொலர்தான். கடை, மருந்துக்கடை, சுகாதார நிலையம், சின்னச் சாப்பாட்டுக்கடை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். அது முஸ்லிம் ஊர், மது இல்லை, ஊருக்குள் உடம்பை மூடிய உடுப்பு வேண்டும். சட்டையோடு குளிக்கும் எங்கள் பெண்களுக்கு அது சிரமமே இல்லை. வெள்ளிக்கிழமையில் அரச படகுச் சேவை ஓடாமல் இருக்கலாம், கடைகளும் ஜும்மா நேரம் மூடும். அந்த நாளில் போய் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று இரவு அப்படி ஒரு தீவில் தங்கி, ஒரு பகல் மட்டும் காசு கட்டி ரிசோர்ட் ஒன்றுக்குப் போய்வரலாம். பிள்ளைகளுக்கு ஊர்ப் பிள்ளைகளோடு பந்தடிக்கிற சந்தோஷமும் கிடைக்கும். என் மனதுக்கு இது ரிசோர்ட்டுக்குக் குறைந்த பயணமே இல்லை.

அம்மாவின் மருந்து முழுவதும் கைப்பையில், கிளினிக் கொப்பியோடு. ரிசோர்ட்டில் இருப்பது டொக்டரா தாதியா, இரவில் தங்குகிறாரா என்று கேளுங்கள். இன்சுலின் என்றால் அறையில் குளிர்சாதனப் பெட்டி வேண்டும் என்றும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கடவுச்சீட்டு வேண்டும். இலங்கையருக்கு முப்பது நாள் விசா இறங்கும்போது இலவசமாகவே கிடைக்கும். தங்குமிடப் பதிவும் திரும்பும் ரிக்கெற்றும் கையில் இருக்கட்டும். இமூகா என்ற பயணிகள் விபர இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு இல்லை, காசு கேட்கிற இணையத்தளம் வேறு யாருடையதோ. அம்மா பெட்டிக்குள் பிள்ளையார் சிலை வைத்திருந்தால் அதை வீட்டுச் சாமியறையிலேயே விடச் சொல்லுங்கள். வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. சுங்கத்தில் எடுத்துவைத்தால் அம்மாவுக்கு அந்தப் பயணமே மனக்கலக்கமாகிவிடும்.

காசு கட்டுவதற்கு முதல் ஒன்று செய்யுங்கள். யூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோளகம் வீசுகிற நேரத்தில், அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குறிகட்டுவானுக்குப் போங்கள். நயினாதீவுக்குப் படகு ஏறி நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அது கால் மணித்தியாலப் படகு. அம்மா துறையில் இருந்து படகுக்குள் எப்படி இறங்குகிறார், மகனுக்குத் தலை சுற்றுகிறதா, மகள் அலைக்குப் பயப்படுகிறாளா என்று பாருங்கள். அது சுகமாகப் போனால் இன்னொரு நாள் நெடுந்தீவுக்கு, அது ஒரு மணித்தியாலம். அதையும் தாங்கினால் வட மாலேயில் எந்தத் தீவுக்கும் பயமில்லாமல் பதியலாம். முழங்காலோ வயிறோ அதிலேயே இடறினால் அம்மாவை வற்புறுத்த வேண்டாம். ஓகஸ்டில் எங்கள் கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். பாசிக்குடாவில் நெடுந்தூரத்துக்கு இடுப்பளவு தண்ணீர்தான், கரையோடு ரிசோர்ட்டுகளும் உண்டு, வான் வண்டியில் வாசல்வரை போகலாம். அண்ணாவிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் அம்மாவோடு நாலு நாள் இருக்கத்தானே வருகிறார்.

இரண்டு மூன்று தீவின் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு திரும்ப எழுதுங்கள். எந்த அறை இலக்கம் கிழக்குக் கரையில் வருகிறது, களப்பு எவ்வளவு அகலம் என்று நானும் வரைபடத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.